காற்றோடு போகும் மெழுகு

கூலிமிலிருந்து பாலிங் போகும் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே மண்பாதையில் திரும்பிப் போனால் செலாசே தோட்டத்து மாரியம்மன் கோயில் இருந்தது. தோட்டத்தில் ஆட்கள் இல்லை. தொழிலாளர் லயங்களை இடித்தபிறகு எல்லோரும் கூலிமைச் சுற்றியிருக்கும் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். நிலத்தை வாங்கிய கம்பெனி அங்கே வீடுகள் கட்டப்போகிறது. கோயிலுக்கு டவுனுக்குப் பக்கத்தில் வேறு இடம் ஒதுக்கிவிட்டார்கள். அம்மன் சிலையைக் கொண்டுபோவதில் சிக்கல் ஒன்றுமில்லை. பலகைச் சுவரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கோயிலின் இடப்பக்கச் சுவர் முழுக்க மரப்பலகை. நெட்டுக்குத்தாக ஒன்றையடுத்து ஒன்றாக அடித்த அந்தப் பலகைகளின்மேல் ஒரு தீமிதித் திருவிழா வரையப்பட்டிருந்தது. வரைந்தவர் காளிதாசன், அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர். கரகம் எடுப்பவர், தப்படிப்பவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பவர் என்று படத்திலிருந்த அத்தனை பேரும் அந்தக் காலத்தில் தோட்டத்தில் வாழ்ந்த ஆட்கள். எனாமல் சாயம், பசையில் குழைத்த பொடிச் சாயம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பூசியிருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சாயம் மீன் செதில்போல எழும்பி, தொட்டால் விழும் நிலையில் நின்றது.

கோயில் தலைவர் பசுபதி, கூலிமில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவர் யார் யாரையோ விசாரித்து, பட்டர்வொர்த்திலிருந்து சந்திரிகாவை வரவழைத்தார். பழைய ஓவியங்களைச் சீர்செய்து காப்பதுதான் சந்திரிகாவின் தொழில். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள், நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நலிந்த ஒரு படத்தை அவள் அதுவரை தொட்டதில்லை.

முதல் நாள் அவள் சுவர்முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்த பச்ச பொடவ கட்டியிருக்காங்கல்ல, அதான் எங்கம்மா."

தேவகி. காளிதாசனின் ஒரே மகள். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் நேரே அங்கே வந்திருந்தாள். தலையில் இன்னும் சமையல்கட்டுத் தொப்பி இருந்தது.

"பேரு குணவதி. நான் பேச்சு வராத புள்ளயா இருக்கறப்பவே செத்துட்டாங்க. அவங்க படம்னு ஒண்ணு கெடையாதும்மா. ஐசி கார்டுல ஒண்ணு இருந்துச்சாம். சாவு பதிய போனப்ப ஐசிய வாங்கிக்கிட்டாங்க. அப்பா அதுக்கப்புறந்தான் இத வரஞ்சாரு. மனசுல இருந்தத வச்சே வரஞ்சாராம்."

சந்திரிகா படத்திலிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் தீக்குழியைப் பார்க்க, அவள் மட்டும் படத்துக்கு வெளியே, வரைபவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவள்போல உதடு லேசாகப் பிரிந்திருந்தது.

"காப்பாத்திருவீங்கல்ல?" என்றாள் தேவகி.

"முடிஞ்சத செய்யறேன்க்கா."

பலகைகளைக் கழற்றும்போதும் லோரியில் கொண்டுபோகும்போதும் ஏற்படும் அதிர்வில் சாயம் கொட்டிவிடும். கொட்டாமலிருக்க ஓவியத்தின் முன்பக்கத்தின்மேல் மெல்லிய ஜப்பான் தாளை ஒட்டி, செதில்களை இருந்த இடத்திலேயே பிடித்துவைக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபிறகு தாளை உரிக்கும்போது சாயம் தாளோடு வந்துவிடக் கூடாது. எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பஞ்சை நனைத்து ஓர் ஓரத்தில் ஒற்றிப் பார்த்தாள். வானத்து நீலம் பஞ்சில் வந்துவிட்டது. தண்ணீர்ப் பசை ஆகாது. பிசின் பசைக்கான கரைப்பானைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். எனாமல் சிவப்பு இளகியது. அதுவும் ஆகாது.

மிஞ்சியது ஒரு மெழுகு. அதை உருக்கித் தாளின்மேல் தடவினால் உடனே இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை யாரும் எடுக்க வேண்டியதில்லை. நாள்பட நாள்படத் தானாகவே ஆவியாகிப் போய்விடும். தாள் தனியாக வந்துவிடும், சாயத்தில் கறைகூட இருக்காது. பழைய வேலை ஒன்றில் மிச்சமான ஒரு ஜாடி அவளிடம் இருந்தது.

"மெழுகு எப்படிம்மா காணாம போவும்?" என்று பசுபதி கேட்டார்.

"கற்பூரத்த தொறந்து வச்சா கொறஞ்சுகிட்டே போவுதுல்ல அண்ணே? அதே மாதிரிதான். அதனால அடுத்த வாரமே பலகைய எடுத்தாவணும். அதுவரைக்கும் காத்து படக்கூடாது. மேல பிளாஸ்டிக் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டிட்டு போறேன். அத மட்டும் யாரும் தொட வேணாம்."

"அடுத்த வாரம் ஷுவர்லா. அங்க கூரை போட்டுட்டா முடிஞ்சுது."

சின்ன அடுப்பில் வெந்நீரை வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்கினாள். கைக்குட்டை அளவு தாள்களைப் பலகையில் மெதுவாக வைத்து, மேலே தூரிகையால் மெழுகைத் தடவினாள். கரகம் மறைந்தது. தப்படிப்பவர்கள் மறைந்தார்கள். குணவதியின் முகத்துக்கு வந்தபோது தேவகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் இரும்மா," என்று சொல்லி, தொடாமல், விரலை மட்டும் படத்துக்கு அருகில் நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள். "சரி, மூடுங்க."

வேலை முடிந்தபோது ஜாடியின் அடியில் வழித்தெடுக்கவும் ஒன்றுமில்லை. சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது.

அடுத்த வாரம் பலகைகளை எடுக்கவில்லை. புதிய இடத்தில் கூரைக்கு அனுமதி வரவில்லை. அனுமதி வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது பசுபதியின் மனைவிக்கு இருதய அறுவை சிகிச்சை, அவர் பினாங்கு மருத்துவமனையிலேயே கிடந்தார். சந்திரிகா மலாக்காவில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். போன் செய்யும்போதெல்லாம், "பிளாஸ்டிக் அப்படியேதானே இருக்கு அண்ணே?" என்று கேட்பாள். "இருக்கும்மா, யாரும் தொடல," என்று மருத்துவமனையிலிருந்தபடியே அவர் சொல்வார். அவர் கடைசியாகப் பார்த்தபோது அது இருக்கத்தான் செய்தது.

ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"கம்பெனிக்காரன் ஃபைனலா சொல்லிட்டான்மா. திங்கக்கெழம இடிக்க பேக்கோ வருது. நாளன்னிக்கே பலகைய எடுக்கணும். நீங்க வந்துருங்க."

சந்திரிகா விடிந்ததும் புறப்பட்டு, மதியத்தில் தோட்டத்துக்குள் காடியைத் திருப்பினாள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மின்காற்றாடி ஓடும் சத்தம் கேட்டது.

பிளாஸ்டிக் இல்லை. மடித்து ஒரு மூலையில் வைக்கப்பட்டிருந்தது. சுவருக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஸ்டாண்டு காற்றாடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி வீசிக்கொண்டிருந்தது. அது இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சுவரிலிருந்த தாள்கள் அத்தனையும் ஒருசேரப் படபடத்தன.

அவள் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

தேவகி உள்ளிருந்து வந்தாள். கையில் துடைப்பம். முகத்தில் மலர்ச்சி.

"வந்துட்டீங்களா? பயந்தே போயிட்டேன்மா. அந்த மழைல பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. படம் ஊறிப்போயிரும்னு நான்தான் பிரிச்சு காய வச்சேன். காத்தாடி எங்க வூட்டுதுதான். ராப்பகலா ஓட விட்டுருக்கேன். பாருங்க, எப்படி காஞ்சு கெடக்குன்னு."

சந்திரிகா சுவருக்கு அருகில் போனாள். ஒரு தாளின் ஓரத்தை இடுக்கியால் தூக்கினாள். பிடிப்பு எதுவும் இல்லை. காலண்டர் தாளைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தது. தாளின் பின்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு நீலச் செதில். மெழுகு முழுக்கப் போய்விட்டிருந்தது. மழைக்காலப் புழுக்கத்தில், பிளாஸ்டிக்குக்குள் மாதக் கணக்கில் தாங்கியிருக்கும். காற்றாடிக்கு முன்னால் தாங்கவில்லை. தாள்கள் பக்கத்துத் தாளின் விளிம்பில் தொற்றிக்கொண்டுதான் தொங்கின. அவற்றுக்குப் பின்னால் சாயம் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா?" என்றாள் தேவகி. "ஏதாச்சும் தப்பா?"

"இல்லக்கா. இருங்க. ஒரு போன் பேசணும்."

வெளியே வந்து செம்பனை நிழலில் நின்றாள். சிங்கப்பூரிலிருந்த கடைக்கு அடித்தாள். அந்த மெழுகு இப்போது வருவதே இல்லை, எங்காவது தேடி வரவழைத்தாலும் பல வாரங்களாகும் என்றார்கள். கோலாலம்பூரில் உடன் வேலை பார்த்த ஒருத்திக்கு அடித்தாள். அவளிடமும் இல்லை. கம்பெனியின் மேற்பார்வையாளர் எண்ணைப் பசுபதியிடம் வாங்கி அடித்தாள். மலாய்க்கார இளைஞன், மரியாதையாகத்தான் பேசினான். ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"சாயா புன் மாக்கான் காஜி, புவான்," என்றான். அவனும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன்தான். மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் அவனே திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்டான்.

அவள் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் படித்ததெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. இனி என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்பதெல்லாம் தெரிந்தது. தடுப்பதற்கு மட்டும் கையில் ஒன்றும் இல்லை.

பசுபதி வந்து சேர்ந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து வந்தப்ப காத்தாடிய பாத்தேன்மா. பிளாஸ்டிக் நெனப்பே வரல, நல்லதுதானேன்னு விட்டுட்டேன். நீங்க சொன்னது எனக்குத்தான் தெரியும். வீட்டுக்காரி கவலைல யாருகிட்டயும் வெளக்கி சொல்லல."

"பலகைய நிமிந்தபடி வச்சா எல்லாம் கொட்டிரும் அண்ணே. கழட்டின ஒடனே படுக்கப் போடணும். அப்படியே லோரில ஏத்தணும். கழட்டறப்பதான்..." அவள் முடிக்கவில்லை.

மறுநாள் காலை தச்சர் குணாளன் வந்தார். சுத்தியல் போடவே கூடாது என்று சந்திரிகா சொன்னாள். சுவருக்குப் பின்பக்கம் போய், பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் ரம்பத் தகட்டை நுழைத்து, ஆணியை அறுக்க வேண்டும். அவர் புரிந்துகொண்டார். மெதுவாக, பலகைக்கு நோகாமல் அறுத்தார். சந்திரிகா முன்பக்கத்தில், மெத்தென்ற பஞ்சு அட்டையைத் தாளின்மேல் வைத்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றாள். அழுத்தினால் செதில் நொறுங்கும், விட்டால் கொட்டும்.

ஓரத்துப் பலகைகள் வந்தன. கொஞ்சம் கொட்டியது, கொஞ்சம் நின்றது. ஒவ்வொன்றையும் பச்சைப்பிள்ளையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துத் தூக்கிப்போனார்கள். தப்படிப்பவர்கள் ஏறக்குறைய முழுதாக வந்தார்கள். பசுபதிக்கு நம்பிக்கை வந்தது. தேவகி அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பலகைகளைத் தூக்கும்போதெல்லாம் தானும் ஒரு முனையைப் பிடித்தாள்.

குணவதி இருந்த பலகைக்கு வந்தார்கள். கீழ் ஆணிகள் அறுந்தன. மேலே, முகத்துக்கு நேர் பின்னால் ஓர் ஆணி. துரு ஏறி மரத்தோடு மரமாகியிருந்தது. ரம்பம் உள்ளே நுழையவில்லை.

"புடுங்கித்தான் ஆவணும் தங்கச்சி," என்று குணாளன் பின்னாலிருந்து சொன்னார். "வேற வழி இல்ல."

"கொஞ்சம் கொஞ்சமா பாருங்க அண்ணே."

அவர் கடப்பாரையின் நாக்கை உள்ளே கொடுத்து நெம்பினார். மரம் ஒரு முனகல் முனகியது. அதே நேரத்தில் அட்டைக்குப் பின்னால், தாளுக்கு உள்ளே, உப்பைக் கொட்டுவதுபோலச் சன்னமாக ஒரு சத்தம் சந்திரிகாவுக்குக் கேட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவர் நிறுத்தினார். சத்தமும் நின்றது. பலகை மேலே பாதி வெளியே வந்து, பாதி மாட்டிக்கொண்டு நின்றது. அதை அப்படியே விட முடியாது. பழையபடி உள்ளே தள்ளவும் முடியாது. எப்படி அசைத்தாலும் இன்னும் கொட்டும்.

தேவகி அவள் முகத்தையே பார்த்தாள். பசுபதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எடுங்க அண்ணே," என்றாள் சந்திரிகா.

ஆணி வெளியே வரும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாள்.

பலகையைப் படுக்கவைத்துத் தாளைத் திறந்தார்கள். பச்சைப் புடவை இருந்தது. இடுப்பிலிருந்த குழந்தையின் கால் இருந்தது. கழுத்துவரை இருந்தது. அதற்கு மேலே வெறும் மரம், சாம்பல் நிறத்தில், ஆணிக்குழியோடு. ஓர் ஓரத்தில் கொஞ்சம் கூந்தல் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளின் மடிப்பில் ஒரு கைப்பிடிக்கும் குறைவான தூள்.

தேவகி மண்டியிட்டு அந்தத் தூளைப் பார்த்தாள். பெரியதாக இருந்த செதில்கூட மிளகுப் பருமன்தான்.

"பொறுக்கி பொறுக்கி ஒட்டலாமில்ல? நான் வந்து ஒக்காந்து பொறுக்கித் தரேன். எவ்வளவு நாளானாலும் பரவால்ல."

"இது எதுன்னு தெரியாதுக்கா. மொகமா, வானமா, பக்கத்து ஆளா... எல்லாம் ஒடஞ்சு கலந்துருச்சு."

"கண்ணு மட்டுமாச்சும்?"

சந்திரிகா இல்லையென்று தலையசைத்தாள். மென்மையான தூரிகையால் தூளைக் கூட்டி ஒரு டப்பாவில் போட்டாள். எறிவதற்கு மனம் வராமல்தான் அதைச் செய்தாள்.

தேவகி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மிச்சப் பலகைகளைக் கழற்றும்போது எழுந்து உதவிக்கும் வரவில்லை. கடைசிப் பலகையை லோரியில் ஏற்றும்போதுதான் சந்திரிகாவின் பக்கத்தில் வந்தாள்.

"நான் காத்தாடி போட்டதாலதானே?"

சந்திரிகா கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப நாளாயிருச்சுக்கா. அடுத்த வாரமே எடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. மழையும் சேந்துக்கிச்சு."

"அதக் கேக்கலம்மா."

லோரி புறப்பட்டது. தேவகி அதைப் பார்க்கவில்லை. காற்றாடியின் வயரைச் சுருட்டி, அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு மூன்று மாதம் பலகைகள் பட்டர்வொர்த்தில் சந்திரிகாவின் பட்டறையில் கிடந்தன. நின்ற சாயத்தை அவள் ஒவ்வொரு செதிலாகக் கீழே படியவைத்து ஒட்டினாள். வேலை நன்றாகத்தான் வந்தது. குணவதியின் பலகையில் இருந்ததைக் காத்தாள், இல்லாத இடத்தில் கைவைக்கவில்லை. தாள் ஒட்டுவதற்கு முன்பு முழுச் சுவரையும் படமெடுத்து வைத்திருந்தாள். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, நல்ல தாளில் அச்சடித்து, தேவகியின் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

தேவகி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, அவங்கதான்," என்றாள். பிறகு, "இதுல விரல வச்சா வழவழன்னு இருக்கும்மா. அங்க அப்பா பூசின மேடு பள்ளம் தட்டும்," என்றாள். அவள் குற்றம் சொல்லவில்லை. பாலில்லாமல் ஒரு தே ஓ கலக்கிக் கொடுத்து, பசியாறிவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். சந்திரிகா இருந்து சாப்பிட்டாள். இருவரும் தேவகியுடைய மருமகளின் ஷிப்ட் நேரத்தைப் பற்றியும் சந்தையில் மீன் விலையைப் பற்றியும் பேசினார்கள்.

புதிய கோயிலில் பலகைகளை மாட்டிய அன்று தேவகி வரவில்லை.

கும்பாபிஷேகம் முடிந்து சில வாரங்கள் கழித்து, வாட்ஸ்அப்பில் தேவகியிடமிருந்து ஒரு படம் வந்தது. சந்திரிகா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் கொடுத்த அச்சுப்படத்திலிருந்து குணவதியின் முகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, வெறும் மரத்தின்மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்து சரியாகப் பொருந்தவில்லை. அதன்மேல் பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தார்கள். முகத்தோடு நிற்கவில்லை. புடவையின்மேல், குழந்தையின் காலின்மேல், பக்கத்துப் பலகையில் அவள் ஒட்டிக் காத்த நீல வானத்தின்மேல், தப்படிப்பவர்களின்மேல் என்று சுவர் முழுக்க அடித்திருந்தார்கள். அந்த வார்னிஷை எடுக்கப்போனால் கீழிருக்கும் சாயமும் சேர்ந்தே வரும்.

படத்தைத் தொடர்ந்து குரல்பதிவு வந்தது.

"பசுபதி அண்ணந்தான் ஆள வச்சு செஞ்சு குடுத்தாரும்மா. இனிமே ஒண்ணும் கொட்டாதுன்னு சொன்னாங்க. இப்ப நான் தெனமும் வேல முடிஞ்சு போய் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வரேன். நல்லா இருக்குல்ல?"

தேவகியின் குரலில் அத்தனை நாளாக இல்லாத தெளிவு இருந்தது. சந்திரிகா பதிலுக்கு எதையோ எழுதத் தொடங்கி, அழித்தாள். மறுபடியும் எழுதி, அழித்தாள்.

"நல்லா இருக்குக்கா," என்று அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச்சொல்லி உடனே இன்னொரு பதிவு வந்தது. வருகிறேன் என்றாள்.